கண்டியா, நுவரெலியாவா, எல்லவா? நல்ல சாப்பாடும் ஒரு கிளாஸ் வைனும் தேடுபவர்களுக்கு

ஏப்ரல் சீசனோ ஆகஸ்ட் விடுமுறையோ நெருங்கினால் போதும், மலையகத்தில் இருப்பவர்களுக்கு ஒரே கேள்வி பல பக்கத்திலிருந்து வரும். லண்டனில் இருக்கும் மச்சான் கேட்பார், கொழும்பில் வேலை செய்யும் தோழி கேட்பாள், யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் கேட்பார். "பார்க்கிற இடமெல்லாம் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு நல்லா சாப்பிட்டு, சத்தமில்லாமல் ஒரு கிளாஸ் வைன் குடித்துவிட்டுப் படுக்க எந்த ஊரில் தங்கலாம்?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நகரங்களில் தெருவுக்கொன்றாக இருக்கும் வைன் பாரை இங்கே தேடி நடந்தால் கால்தான் வலிக்கும். மலையகத்தில் வைன் இருப்பது ஹோட்டல்களுக்குள்ளே. நல்ல சாப்பாடு இருப்பது பெரும்பாலும் டவுன் கடைகளில், அதுவும் மத்தியான வேளையில். இரண்டும் ஒரே கூரையின் கீழ் சேர்வது அபூர்வம். அதனால் பகலில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் இரவு சொதப்பிவிடும். இரவுச் சாப்பாட்டு மேசையிலிருந்து கட்டிலுக்கு எப்படித் திரும்புவீர்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். மலைப்பாதையில் பகலை எப்படியும் சமாளிக்கலாம். இரவைச் சமாளிப்பது கஷ்டம்.

## எதை வைத்து அளப்பது

மத்தியானச் சாப்பாடு. தங்கும் ஹோட்டலுக்கு வெளியே, நடந்து போகும் தூரத்தில், சோறும் நாலு கறியும் கிடைக்கும் கடை இருக்கிறதா? வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத அம்மா கூட வந்தால் அவருக்குச் சைவக் கடை உண்டா?

வைன். இலங்கையில் நீங்கள் குடிக்கப்போகும் வைன் ஏறக்குறைய எல்லாமே இறக்குமதி. அவுஸ்திரேலியா, சிலி, தென்னாபிரிக்கா, பிரான்ஸ், இத்தாலி என்று வரும், வரியும் கடுமை. பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கிளாஸ் கணக்கில் தருவார்களா, அந்தப் போத்தலை எப்போது திறந்தார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். திறந்த வைன் சில நாளிலேயே சுவை கெட்டுவிடும். ஆள் நடமாட்டம் குறைந்த பாரில் கிளாஸ் வைன் வாங்குவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மூன்று நான்கு பேர் என்றால் போத்தலாகவே வாங்கி, உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்வது நல்லது. 750 மில்லிலீட்டர் போத்தலில் சாதாரண அளவில் ஐந்து கிளாஸ் வரும்.

இரவு திரும்பும் வழி. நடக்கலாமா, ஆட்டோ கிடைக்குமா, இல்லை வேன் டிரைவர் பசியோடு வெளியே காத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

உண்மையான பில். பெரிய ஹோட்டல்களின் மெனுவில் போட்டிருக்கும் விலை நீங்கள் கட்டும் விலை இல்லை. 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் வற் வரி 18 சதவீதம் (2024 ஜனவரியிலிருந்து இந்த வீதம்தான்). 1,000 ரூபா என்று எழுதியிருந்தால் கையை விட்டுப் போவது 1,298 ரூபா. சில இடங்களில் வேறு சிறு வரியும் சேரும். டவுன் கடையில் பலகையில் இருப்பதுதான் பெரும்பாலும் பில். இரண்டையும் ஒப்பிடும்போது இதை மறந்தால் கணக்கு தப்பும்.

கூட வருபவர்கள். டவுன் பார்கள் பெரும்பாலும் ஆண்கள் சாராயத்தை நின்றபடி ஊற்றிக்கொண்டு போகும் இடங்கள். குடும்பத்தோடு உட்கார முடியாது. வைன் ஸ்டோர்ஸ் என்று பலகை தொங்கும் கடைகள் போத்தல் விற்கும் இடங்கள், கம்பிக்குப் பின்னால் நின்று காசை நீட்டி வாங்க வேண்டும். பெண்கள் மது வாங்குவதற்கு இருந்த 1979ஆம் ஆண்டுத் தடையை 2018 ஜனவரியில் நிதி அமைச்சு நீக்கியது. சில நாளில் ஜனாதிபதி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். அந்தக் கூத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் கடைப் பக்கம் போவதில்லை. ஹோட்டல் மேசையில் இந்தத் தொல்லை கிடையாது. வயது மட்டும் 21 ஆகியிருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நாட்காட்டியை எடுங்கள். ஒவ்வொரு மாதமும் பூரணை நாளான போயாவில் நாடு முழுவதும் மது விற்பனை இல்லை. வெசாக்குக்கு இரண்டு நாள். சித்திரைப் புத்தாண்டு நாட்களிலும் மதுக்கடைகள் மூடியிருக்கும். ஏப்ரல் சீசனுக்கென்றே நுவரெலியா வருபவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

## கண்டி

சாப்பாட்டை மட்டும் பார்த்தால் மலையகத்தில் கண்டிதான் முதல். டவுனுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் முஸ்லிம் ஹோட்டலில் கொத்து வெட்டும் சத்தம் தெருவரை கேட்கும். புரியாணியும் பரோட்டாவும் அங்கே. தோசைக்கு டி. எஸ். சேனநாயக்க வீதியில் பாலாஜி. தலதா வீதி டெவோனில் சோறு கறியும், கீழே பேக்கரியும். வீட்டில் ஒருவர் சைவம், ஒருவர் ஹலால், பிள்ளைகள் ஃபிரைட் ரைஸ் மட்டும் என்றாலும் அரை மணி நேரத்தில் எல்லோர் வயிறும் நிறைந்துவிடும்.

இரவுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். தலதா மாளிகை இருக்கும் புனித நகரம் இது. டவுன் நடுவில் சாப்பாடு நல்லாயிருக்கும் கடைகளில் மது இல்லை. மது உள்ள இடங்களில் வாவிக்கரையில் குயின்ஸ் ஹோட்டல் பழையது, மாளிகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உட்காரும் சூழலுக்காகப் போகலாம், சமையலுக்காகப் போக வேண்டியதில்லை. ராஜ வீதியில் பழைய கட்டடத்தைத் திருத்திய ரோயல் பார் அண்ட் ஹோட்டல் இருக்கிறது. நடு முற்றம், மரத் தூண்கள், நடந்தே திரும்பலாம். கண்டியில் ஒரே இரவு என்றால் நான் அனுப்புவது அங்கேதான். வாவிக்கு மேலே மேட்டில் இருக்கும் ஸ்லைட்லி சில்ட் கண்டி விளக்குகளைப் பார்த்தபடி பியரும் சீனச் சாப்பாடும் சாப்பிட ஏற்ற இடம். வைன் பிரியர்களுக்கு அது அவ்வளவாக ஒத்துவராது.

மகாவலி ரீச், ஏர்ள்ஸ் ரீஜென்சி போன்ற பெரிய ஹோட்டல்களில் வைன் பட்டியல் நீளம்தான். ஆனால் அவை டவுனுக்கு வெளியே. அங்கே தங்கினால் டவுன் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வேளையும் வண்டி வேண்டும். டவுனில் தங்கினால் வைனுக்கு வண்டி வேண்டும். ஃபோன் செயலியில் கூப்பிடும் பிக்மி ஆட்டோ கண்டியில் சுலபமாகக் கிடைப்பதால் செலவு பெரிதில்லை. மாலை நேர நெரிசலில் போகும் முக்கால் மணி நேரம்தான் வீண்.

இன்னொன்று: கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர்தான். குளிர் என்று சொல்ல முடியாது. சிவப்பு வைனை அலமாரியில் வைத்து அப்படியே ஊற்றினால் வாயில் சாராயம் மாதிரி சூடாக ஏறும். சிவப்பாக இருந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஐஸ் வாளியில் வைக்கச் சொல்லுங்கள். பரிமாறும் பையன் ஒரு மாதிரிப் பார்ப்பான், பரவாயில்லை.

எசல பெரஹர ஊர்வலம் நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் அறை விலை எகிறும், வீதிகள் மூடப்படும். பெரஹர பார்க்க வேண்டுமென்றால் அதற்காக வாருங்கள். சாப்பாட்டுக்கும் வைனுக்கும் என்றால் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

## நுவரெலியா

என் ஓட்டு இங்கேதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. இந்தக் குளிரில் சிவப்பு வைன் தானாகவே சரியான பதத்துக்கு வந்துவிடும். ஐஸும் வேண்டாம், குளிர்சாதனமும் வேண்டாம். குளிரை நம்பித்தான் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1849இல் இங்கே பியர் காய்ச்சத் தொடங்கினார். இன்றைய லயன் பியரின் வேர் அதுதான். ஆலை பின்னாளில் பியகமவுக்குப் போய்விட்டது. டவுனில் லயன் பப் மட்டும் இருக்கிறது. இளைஞர் கூட்டம் என்றால் ஒரு மாலைக்குப் போகலாம்.

மத்தியானத்துக்கு நியூ பஸார் வீதி போதும். சைவத்துக்கு அம்பாள்ஸ்: தோசை, வடை, சோறு, இஞ்சி போட்ட பிளேன்டி. மிலானோ ஹலால் கடை, மது இல்லை, கோழியும் ரைஸும் நம்பிச் சாப்பிடலாம். கரட், லீக்ஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாம் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து அன்றைக்கே வருபவை. கறிகளில் எது வேண்டும் என்று கேட்டால் கோழியை விட்டுவிட்டு லீக்ஸைக் காட்டுங்கள். கொழும்பில் அந்த ருசி வராது. கடைக்காரர், ஆட்டோக்காரர், மரக்கறி விற்பவர் என்று யாரிடமும் தமிழில் பேசலாம். நல்ல கடை தேடுபவருக்கு இது பெரிய வசதி.

இரவுக்கு இங்கே நடந்து போகும் தூரத்தில் தரமான ஹோட்டல்கள் நெருக்கமாக இருக்கின்றன. வேறெந்த மலையக ஊரிலும் இப்படிக் கிடையாது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் வீட்டைச் சுற்றி வளர்ந்த கிராண்ட் ஹோட்டல் 1891இலிருந்து ஹோட்டலாக இருக்கிறது. அதன் வளவிலேயே கிராண்ட் இண்டியன் என்ற வட இந்தியச் சாப்பாட்டுக் கடை. விலை ஹோட்டல் விலைதான், இருந்தும் வார இறுதியில் வரிசையில் நிற்பார்கள். ஆறரைக்கே போய்விடுங்கள். பனீர், தந்தூரி என்று பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே மேசையில் சாப்பிட முடியும் என்பதால் குடும்பங்களுக்கு இதைத்தான் சொல்வேன். சாப்பாடு முடிந்ததும் பெரியவர்களை அறைக்கு அனுப்பிவிட்டு ஹோட்டல் பாருக்குள் நுழைந்தால் போதும். வண்டி எடுக்கத் தேவையில்லை.

பக்கத்திலேயே ஹில் கிளப். 1876இல் வெள்ளைக்காரக் கோப்பித் தோட்டக்காரர்கள் தொடங்கியது, கருங்கல் கட்டடம். ஒரு நாள் உறுப்புரிமைக்குச் சிறு கட்டணம் கட்டினால் யாரும் போகலாம். இரவு 7 மணிக்குப் பிறகு ஆண்களுக்குக் கோட்டும் டையும் என்பது பழைய விதி. கொண்டு வராதவர்களுக்கு அங்கேயே இரவல் உண்டு, ஆனாலும் போகுமுன் ஃபோன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு சூப், ரோஸ்ட், புடிங் என்று ஆங்கிலேயர் விட்டுப்போன முறை. உறைப்பு எதிர்பார்க்காதீர்கள். நெருப்பு மூட்டிய அறையில் உட்கார்ந்து வைன் குடிப்பதற்கு மலையகத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. சுதந்திரம் கிடைத்த பிறகும் பல வருடம் உள்நாட்டவருக்கு உறுப்புரிமை கொடுக்காத கிளப் இது. கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இரவல் டை கட்டிக்கொண்டு அதே நாற்காலியில் சாய்வதைப் பார்க்க எனக்கு ஒரு தனிச் சந்தோஷம், ஒளிக்க மாட்டேன். அந்த டையைக் கட்டப் பிடிக்காதவர்களையும் புரிந்துகொள்கிறேன்.

டவுனின் மறுபக்கம் சென் அன்ட்ரூஸ். பழைய பில்லியட் மேசை, அமைதியான சாப்பாட்டு அறை. இருவர் மட்டும் வந்திருந்தால் கிராண்டை விட இதுதான் நல்லது.

கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக்கிய ஹெரிட்டன்ஸ் டீ ஃபக்டரி இருக்கிறது. அங்கே பழைய ரயில் பெட்டிக்குள் ஒரு சாப்பாட்டு அறையும் உண்டு. பிள்ளைகள் கேட்டுத் துளைப்பார்கள். அங்கேயே தங்குபவர்களுக்கு அருமை. நுவரெலியாவில் தங்கிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் போவதென்றால், மூடுபனியில் அந்தத் தோட்டப் பாதையில் திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். குடித்தவர் ஓட்டவே கூடாது என்பது தெரிந்ததுதான். குடிக்காத டிரைவரே அந்தப் பனியில் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

நுவரெலியாவின் மறைவான செலவுகள்:

- விருந்தினர் இல்லங்கள் சிலவற்றில் ஹீட்டருக்குத் தனிக் காசு. அறை எடுக்கும்போதே கேளுங்கள்.
- ஏப்ரலில் எல்லாம் ஏறும். அறை, சாப்பாடு, ஆட்டோ, வாகனம் நிறுத்துமிடம், ஸ்ட்ரோபெரிகூட.
- டிசம்பர் 24, 31 இரவுகளில் பெரிய ஹோட்டல்கள் விருந்துச் சாப்பாட்டைக் கட்டாயமாக்கி அறை பில்லோடு சேர்ப்பது வழக்கம். குழந்தைக்கும் தலைக்கணக்கு வரும்.
- காலை, இரவுச் சாப்பாடு சேர்த்து அறை எடுத்தால் மலிவாகத் தெரியும். பிறகு கிராண்ட் இண்டியனுக்குப் போக ஆசை வந்தால் ஒரே இரவுக்கு இரண்டு தடவை கட்டுகிறீர்கள். காலைச் சாப்பாடு மட்டும் சேர்த்து எடுங்கள்.

டவுன் சீக்கிரம் அடங்கிவிடும். ஒன்பது மணிக்குப் பசித்தால் ஹோட்டல் சமையலறையைக் கெஞ்ச வேண்டியதுதான். எட்டு மணிக்குள் சாப்பிடப் பழகியவர்களுக்கு இது குறையாகத் தெரியாது. கனடாவிலிருந்து நேர வித்தியாசத்தோடு வந்திறங்குபவர்கள் பிஸ்கட் பக்கற் வைத்துக்கொள்வது நல்லது.

## எல்லவும் பண்டாரவளையும்

எல்ல ஒரே தெரு. இரண்டு பக்கமும் கடை, எல்லாக் கடையிலும் விளக்கு, எல்லா விளக்கின் கீழும் வெளிநாட்டுப் பிள்ளைகள். கஃபே சில் போன்ற இடங்களில் மாலை முழுக்க பாட்டு, கொக்டெயில், பீட்ஸா, கொத்து. மலையகத்தில் இரவு பத்து மணிக்கும் உயிரோடு இருக்கும் ஊர் இது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை. நடந்தே போகலாம், நடந்தே வரலாம். என் அளவுகோலில் அதற்கு முழு மதிப்பெண்.

வைனில்தான் இழுக்கிறது. எல்லவுக்கு வருபவர்கள் குடிப்பது பியரும் கொக்டெயிலும். அதனால் திறந்த வைன் போத்தல் வேகமாகக் காலியாகாது, கிளாஸ் வைனில் ஆபத்து அதிகம். இங்கே லயன் லாகரோடு நிறுத்திக்கொள்வது புத்தி.

சாப்பாட்டில் மேட்டி ஹட்டின் சோறு கறி பேர் பெற்றது. மரக்கறியே ஐந்தாறு வகை வரும், சைவக்காரருக்குக் கவலையில்லை. மற்றக் கடைகள் வெளிநாட்டு நாக்குக்கு உறைப்பைக் குறைத்துச் சமைக்கின்றன. ஓடர் கொடுக்கும்போதே "எங்களுக்குப் போடுகிற மாதிரிப் போடுங்க" என்று சொல்லிவிட்டால் கட்டைச்சம்பல் வேறு மாதிரி வரும். விலையும் வெளிநாட்டுக் கணக்குத்தான். ஒரு பிளேன்டிக்கு பண்டாரவளையில் கொடுப்பதைப் போல் சில மடங்கு இங்கே கொடுப்பீர்கள்.

இன்னொரு சங்கடம்: நல்ல காட்சி உள்ள தங்குமிடங்கள் தெருவுக்கு மேலே மேட்டில் இருக்கும். மழை பெய்த இரவில் படிக்கட்டுப் பாதையில் டோர்ச் பிடித்து ஏற வேண்டும், அட்டை வேறு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது.

வயது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு யோசனை. பகலை எல்லவில் கழித்துவிட்டு இரவைப் பண்டாரவளையில் வையுங்கள். அரை மணி நேரப் பாதை, இருட்டுவதற்குள் வந்துவிடலாம். 1893இல் கட்டிய பண்டாரவளை ஹோட்டலில் பித்தளைக் கட்டில், பழைய தரை, டவுன் நடுவிலேயே இருந்தும் அமைதி. வைன் தெரிவு பெரிதாக இருக்காது. இரண்டு மூன்று வகையில் ஒன்றைத் திருப்தியாகக் குடிப்பவர்களுக்குப் போதும். டவுனில் தமிழ்க் கடைகளில் காலை இடியப்பமும் சொதியும்.

## தோட்டத்துப் பங்களா

ஹட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருக்கும் சிலோன் டீ ட்ரெய்ல்ஸ் பங்களாக்களில் சாப்பாடும் மதுவும் அறைக் கட்டணத்துக்குள்ளேயே வரும். ஒரு இரவுக்கு நூற்றுக்கணக்கான டொலர். தேனிலவு, இருபத்தைந்தாவது கல்யாண நாள் போன்றவற்றுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். வைனைப் பொறுத்தவரை மலையகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. கதவைத் தாண்டாமல் படுக்கைக்குப் போகலாம். குறை என்னவென்றால், பக்கத்தில் எதுவும் இல்லை. ஊர்ச் சாப்பாடு சாப்பிட ஆசை வந்தால் ஹட்டன் டவுனுக்கு வளைந்து வளைந்து போக வேண்டும். டிசம்பரிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன் என்பதால் ஹட்டன் டவுன் நிரம்பி வழியும்.

இதற்கும் குறைந்த விலையில், சமையல்காரரோடு வாடகைக்கு விடும் பழைய பங்களாக்கள் ஹட்டன், தலவாக்கலை, ஹப்புத்தளைப் பக்கங்களில் இருக்கின்றன. பெரிய குடும்பமாக எட்டுப் பத்துப் பேர் வருபவர்கள் இதைக் கணக்குப் பார்க்கலாம். தலைக்கு விழும் செலவு ஹோட்டலை விடக் குறையக்கூடும். வைனை நீங்களே கொண்டுபோக வேண்டும். கொழும்பிலேயே வாங்கிவிடுங்கள், மலைக்கு வந்த பிறகு தெரிவு சுருங்கிவிடும். என்ன சமைக்க வேண்டும் என்பதைக் காலையிலேயே சமையல்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சாமான் வாங்க டவுனுக்குப் போகப் பாதி நாள் ஆகும்.

## ஒரே பார்வையில்

| | கண்டி | நுவரெலியா | எல்ல | பங்களா |
|---|---|---|---|---|
| மத்தியானக் கடைகள் | மிக நல்லது | நல்லது | சுமார், விலை கூட | இல்லை |
| வைன் | பெரிய ஹோட்டல்களில் மட்டும் | நல்லது, குளிரும் துணை | பலவீனம் | மிக நல்லது அல்லது கையோடு கொண்டுபோவது |
| இரவில் திரும்புவது | ஆட்டோ கிடைக்கும் | நடக்கலாம் | நடக்கலாம், மேடு உண்டு | தேவையில்லை |
| மறைவான செலவு | நெரிசல், பெரஹர விலை | ஹீட்டர், ஏப்ரல், கட்டாய விருந்து | சுற்றுலா விலை | போக்குவரத்து |

## ஊருக்குள் கடையைக் கண்டுபிடிக்க யாரைக் கேட்பது?

ஃபோன் வரைபடத்தில் வரும் நட்சத்திரங்கள் எல்லவுக்குப் பொருந்தும், நுவரெலியா டவுனுக்குப் பொருந்தாது. நட்சத்திரம் கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டவர். அவர்கள் போகாத சைவக் கடைக்கு மதிப்புரை இருக்காது. வைன் இருக்கும் இடத்தைத் தேட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். படங்களைத் தள்ளிப் பார்த்தால் மெனுவை யாராவது எடுத்துப் போட்டிருப்பார்கள், விலையும் தெரியும்.

வேன் டிரைவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பெரிய வீதியோரத்து பஃபே கடைகள் பலவற்றில் ஆள் கொண்டுவரும் டிரைவருக்குச் சாப்பாடு சும்மா, மேலே கொஞ்சம் காசும் உண்டு. "எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்டால் அங்கேதான் நிறுத்துவார். "உங்கள் வீட்டு ஆட்களோடு வந்தால் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள், பதில் மாறும்.

ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் முதலில் தங்கள் ஹோட்டலைத்தான் சொல்வார்கள், அது அவர்கள் வேலை. சாயங்காலம் வேலை மாறும் நேரத்தில் வெளியே வரும் ஊழியரைக் கேளுங்கள். டவுனில் வங்கி, மருந்துக்கடை ஊழியர்கள் பன்னிரண்டரைக்கு எந்தக் கடைக்குள் நுழைகிறார்கள் என்று பார்ப்பது இன்னும் சுலபம். தினமும் சொந்தக் காசில் சாப்பிடுபவர்கள் மோசமான கடைக்குப் போக மாட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து போத்தல் கொண்டு வருபவர்கள், அதை மேசையில் திறக்க முடியுமா, அதற்கு எவ்வளவு என்று மேசை பதிவு செய்யும்போதே கேளுங்கள். சில ஹோட்டல்கள் ஒரு தொகை வாங்கிக்கொண்டு விடும், சில விடாது. நுவரெலியாவின் கிரெகரி வாவிக் கரையில் உட்கார்ந்து திறக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பொது இடத்தில் குடிப்பது இங்கே குற்றம்.

## யாருக்கு எது

வெளிநாட்டிலிருந்து முதல் தடவையாகப் பிள்ளைகளோடு வருகிறீர்கள், சாப்பாட்டு விருப்பங்கள் ஆளுக்கு ஒன்று: கண்டியில் டவுனுக்குள் ஒரு இரவு, அதன் பிறகு நுவரெலியாவில் இரண்டு. இடையில் 77 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளில் மூன்று மணி நேரம் வரை எடுக்கும். காலையில் கிளம்புங்கள். ரயிலில் வர விரும்பினால் சேவை ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். நானுஓயாவில் இறங்கி டவுனுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டருக்கு மேல் வண்டி வேண்டும்.

இருவர் மட்டும், வைன்தான் முக்கியம், அவசரமில்லை: நுவரெலியா, ஏப்ரலைத் தவிர்த்து. முதல் இரவு ஹில் கிளப், இரண்டாவது சென் அன்ட்ரூஸ்.

இருபதுகளில் இருக்கும் நண்பர் கூட்டம்: எல்ல. வைனை மறந்துவிடுங்கள்.

வயதான பெற்றோரோடு வரும் குடும்பம்: நுவரெலியாவில் டவுனை ஒட்டிய தங்குமிடம், தரைத்தளத்து அறை. மத்தியானம் அம்பாள்ஸ், இரவு கிராண்ட் இண்டியன். குளிர் தாங்காதவர்கள் என்றால் பண்டாரவளை. 1,200 மீட்டர் உயரம், சால்வை ஒன்று போதும்.

விடுமுறைக்குள் போயா வந்து விழுகிறது, திகதியை மாற்ற முடியாது: அந்த நாளைக் கண்டிக்கு ஒதுக்குங்கள். எப்படியும் மது இல்லாத கடைகளில்தான் அங்கே நல்ல சாப்பாடு. மாளிகைப் பக்கம் கூட்டம் இருக்கும், வாகனத்தை வாவியின் மறுகரையில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். முஸ்லிம் ஹோட்டலில் ஏழு மணிக்கு மேல் இடம் பிடிப்பது கஷ்டம்.